முருகனுக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு

எங்கள் மாமாவின் வேனில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பகலிலும் எரியும், மழையிலும் எரியும், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் எரியும், ஹட்டனிலிருந்து மரக்கறி மூட்டைகளோடு திரும்பும்போதும் எரியும். அளவில் ஒரு மஞ்சாடி விதை. அதற்கு நேர் மேலே, வேக முள் ஆடுகிற கண்ணாடியின் மீது, வேலோடு நிற்கிற முருகன் படம் ஒட்டியிருந்தது. பனி இறங்கி வேனைச் சுற்றிக்கொண்டால் ரோடு போய்விடும், மலை போய்விடும், தேயிலை போய்விடும். முருகனின் பாதமும் அந்தச் சிவப்பும் மட்டும் மிச்சமிருக்கும். எனக்கு அப்போது ஒன்பது வயது. கடவுள் எங்கே இருக்கிறார் என்று யாராவது கேட்டிருந்தால் ஸ்டேரிங்குக்குப் பின்னால் என்று சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேன் என்பதும் பொய்தான். அந்த விளக்கு என்ன விளக்கு என்று எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே மாமாவுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.

அந்த வேன் என்னைவிட மூத்தது. ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்து, கொழும்பில் யாரோ ஓட்டி அலுத்து, கடைசியில் எங்கள் மலைக்கு ஏறி வந்தது. அதன் இஞ்ஜின் முன்னால் இல்லை. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டின் அடியில் இருந்தது. சீட்டைத் தூக்கினால் இஞ்ஜின். அதனால் அந்தச் சீட்டில் எப்போதும் ஒரு சூடு இருக்கும், அடுப்படியில் உட்கார்ந்த மாதிரி. அது பெரியம்மாவின் இடம். பெரியம்மா என் அம்மாவுக்கு மூத்தவர், மாமாவுக்கு அக்கா, தாய்க்குத் தாயானவர். தாத்தா பாட்டி போன பிறகு, கொழுந்துக் கூடையோடு மாமாவையும் சேர்த்துச் சுமந்தவர். மழையில் நின்று நின்று வீங்கிப்போன அவருடைய முழங்கால்களுக்கு அந்த இஞ்ஜின் சூடு தைலம் போல. வேறு யாரும் அங்கே உட்கார நினைத்ததுகூட இல்லை.

விளக்கு முதன்முதலாக எரிந்த அன்று பெரியம்மாதான் அங்கே உட்கார்ந்திருந்தார். கிளினிக்குக்குப் போகிற வழி. இது என்னடா தம்பி புதுசா செவப்பா எரியுது என்று கேட்டார். மாமா பயந்துவிட்டார். அக்காவும் பயந்துவிடக் கூடாதே என்று வாயில் வந்ததைச் சொன்னார்: "சாமி வெளக்குக்கா." அன்று பின்னேரமே ஹட்டனில் முருகன் படம் ஒன்றை வாங்கி மேலே ஒட்டினார். சொன்ன பொய் குடியிருக்க ஓர் இடம் வேண்டுமல்லவா.

மறுநாள் கராஜுக்குப் போனபோது நானும் கூடவே தொற்றிக்கொண்டேன். கராஜில் வண்டி பார்க்கிற பாஸ் சிங்களவர். தமிழைத் துண்டு துண்டாக, ஆனால் துல்லியமாகப் பேசுவார். சீட்டைத் தூக்கி, இஞ்ஜினின் பக்கவாட்டிலிருந்து கட்டை விரல் பருமனில் ஒரு பித்தளைச் சாமானைக் கழற்றினார். சென்சர் என்றார். இஞ்ஜினுக்குள் ஒயில் ஒழுங்காக ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலையாம். ஓடாவிட்டால் விளக்கை எரிய வைக்கும். அது இருந்த துளையில் முள் வைத்த ஒரு மானியை முறுக்கி வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். முள் மளமளவென்று ஏறியது. பாஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் மொழியில் தங்கையை நங்கி என்பார்கள்.

"ஒயில் சரி, நங்கி. சொல்றவன்தான் பொய்."

மாமா ஏனோ வேறு பக்கம் பார்த்தார்.

புதுச் சென்சருக்கு ஹட்டனில் பார்ட்ஸ் கடை முஸ்லிம் நானாவிடம் போனோம். இந்த வேன் இன்னும் ஓடுகிறதா என்று அவர் நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். கொழும்புக்குச் சொல்லி வைப்பதாகச் சொன்னார். அதற்குள் பாஸ் பழையதையே மாட்டிவிட்டிருந்தார். தினமும் காலையில் ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்துக்கொண்டால் போதும், ஓடலாம்.

ஓடியது, ஏறக்குறைய ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் விளக்கு பெரிய ஆளாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் பெரியம்மா அதற்குப் பூ வைத்தார். பிரசவத்துக்குப் போகிற பெண்கள் வலிக்கு நடுவிலும் எட்டிக் கும்பிட்டார்கள். சாமி வெளக்கு வேனைக் கூப்பிடுங்க என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ஆள் வந்தது. மாமா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறப்பார். நான் இரண்டையும் மூடித் திறப்பேன். ஒற்றைக் கண்ணை மூட எனக்கு வராது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை சென்சர் வந்து சேர்ந்தது. பாஸ் அதன் திருகு மரையில் வெள்ளை டேப் சுற்றி முறுக்கினார். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது, இஞ்ஜின் உறுமியதும் அணைந்தது. இதுதான் அதன் ஒழுக்கம் என்றார். பழைய சாமானைக் கடதாசியில் மடித்து மாமாவின் சட்டைப் பையில் போட்டார். கழற்றியதைக் கையில் கொடுத்து அனுப்புவது அவர் வழக்கம். மாமா நிம்மதியாக விசிலடித்தார். மறுநாள் ராகலைக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும், ஏற்றமான பாதை. வண்டியைத் தயார் பண்ணியவர் அக்காவைத் தயார் பண்ண மறந்துவிட்டார்.

ஞாயிறு காலை ஏழு மணி. பட்டுச் சேலையோடு பெரியம்மா முன் சீட்டில், தட்டோடு அம்மா பின்னால், அம்மாவின் மடியில் பாதியும் வாழைச்சீப்பின் மேல் பாதியுமாக நான். மாமா சாவியைத் திருப்பினார். முருகன் பாதம் சிவந்தது. இஞ்ஜின் பிடித்தது. பாதம் இருண்டது.

பெரியம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

ஒரு வருஷமாக அணையாத விளக்கு, பெண் பார்க்கப் புறப்படுகிற நிமிஷத்தில் அணைகிறதென்றால் என்ன அர்த்தம்? ராகலை வேண்டாம், அந்தப் பெண் வேண்டாம், முருகனே சொல்லிவிட்டான். மாமா பல்பு லூசாக இருக்கும் என்றார், நூறு பேர் சொல்லி வந்த நல்ல இடம் என்றார். படத்தில் மட்டுமே பார்த்த அந்தப் பெண்ணை அவருக்கு ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பேசப் பேசக் குரல் மெலிந்துகொண்டே போனது. உண்மையை மட்டும் சொல்லவில்லை. ஒரு வருஷத்துப் பூவையும் கும்பிடுகளையும் யார் அக்காவிடம் திருப்பிக் கொடுப்பது?

பெரியம்மா இஸ்தோப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். மாமா என்னைப் பார்த்தார்.

"மருமகளே, டோர்ச்ச எடு."

சீட்டைத் தூக்கினோம். நான் வெளிச்சம் பிடிக்க, மாமா வயரைப் பிடுங்கி, புத்தம் புதுச் சென்சரைக் கழற்றி, பொய் சொல்லுகிற பழையதை மாட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. புதியது கடதாசிக்குள் போய்ச் சட்டைப் பையில் உட்கார்ந்தது. கெட்டுப்போன வண்டியைச் சரி பண்ணுவதைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். சரியாக இருந்த வண்டியை இவ்வளவு அக்கறையோடு ஒருவர் கெடுத்து அன்றுதான் பார்த்தேன். ஸ்டார்ட் பண்ணியதும் முருகன் பாதம் சிவந்தது, சிவந்தபடியே நின்றது. பெரியம்மா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்து ஏறினார்.

தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா, கந்தப்பளை. வளைவுக்கு வளைவு பெரியம்மா கும்பிட, வளைவுக்கு வளைவு மாமா வியர்த்தார், அந்தக் குளிரில்.

ராகலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பெண் தேத்தண்ணி கொடுத்தார், கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னார். அண்ணனோடு சேர்ந்து மரக்கறி லொறியில் சந்தைக்குப் போய்வருகிறவர் என்றார்கள். பெரியம்மாவுக்குப் பிடித்துவிட்டது. பிடித்துப்போனதாலேயே வினை வந்தது. புறப்படும் நேரத்தில், வாம்மா, எங்க சாமி வெளக்கக் கும்புட்டுட்டுப் போ என்று பெண்ணின் கையைப் பிடித்து வேனுக்கே கூட்டிவந்துவிட்டார். தான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, டேய் தம்பி, ஸ்டார்ட் பண்ணு என்றார்.

மாமா ஸ்டார்ட் பண்ணினார். அந்தப் பெண் தலையை உள்ளே நீட்டி, கையைக் கூப்பியவர், கூப்பியபடியே நின்றார்.

"இது ஒயில் லைட்டுங்களே. வண்டிய நிப்பாட்டுங்க. எங்க அண்ணன் லொறி இத பாக்காம விட்டுத்தான் இஞ்ஜின் போச்சு."

மாமா வண்டியை நிறுத்தினார். ஒயில் இருக்கிறது, சென்சர்தான் கோளாறு என்று முணுமுணுத்தார். அப்ப மாத்தலையா என்று கேட்டார் அந்தப் பெண். மாமா பையிலிருந்து கடதாசியை எடுத்துப் பிரித்துக் காட்டினார். புதிய பித்தளை மினுங்கியது. பெண் அதைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். விளங்கிவிட்டது போல. சிரிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒயில் இருந்தாலும் எரியும், இல்லாட்டியும் எரியும்னா, அத எப்பிடிங்க நம்புறது?"

பெரியம்மா மெல்லத் தம்பி பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சுதான் செஞ்சியா?"

மாமா தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் நான் தலையாட்டுகிற மாதிரியே இருந்தது. கல்யாணம் முறிந்தது, இனி பலகாரமும் இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பெரியம்மா காலை ஊன்றி, கதவைப் பிடித்து, மெதுவாக இறங்கினார்.

"நான் எந்திரிச்சிட்டேன். மாத்துங்க."

சீட்டைத் தூக்கினார்கள். பொய்யை ஐந்து நிமிஷத்தில் மாட்டிய மாமாவுக்கு உண்மையை மாட்ட வரவில்லை. மரை பிடிக்கவே இல்லை. குடுங்க என்று வாங்கிய அந்தப் பெண், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முதலில் விரலால் சுற்றி, பிறகுதான் ஸ்பெனர் போட வேண்டும் என்று சொன்னபடியே முறுக்கினார். கையெல்லாம் கறுப்பு ஒயில். மாமா அதைத் துடைக்கத் தன் புதுக் கைக்குட்டையை நீட்டினார்.

இஞ்ஜின் உறுமியது. விளக்கு அணைந்தது. அணைந்த விளக்கைப் பார்த்துப் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இவன்கிட்ட உண்மைய வாங்க ஒரு ஆளு வேணும்னு கேட்டேன். குடுத்துட்டான்" என்று அவர் முருகனிடம் சொன்னாரா, பெண் வீட்டாரிடம் சொன்னாரா தெரியவில்லை. பலகாரம் இன்னொரு சுற்று வந்தது.

திரும்பும்போது பெரியம்மா பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். என்னை முன்னால் ஏறச் சொன்னார். டோர்ச் பிடித்ததற்கும் ரகசியம் காத்ததற்கும் கிடைத்த பரிசு என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். கால்களை மடக்கி அந்தச் சூட்டின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அடுத்த தை மாதம் அந்தப் பெண் எனக்கு அத்தையாகி, அந்தச் சீட்டும் அவருடையதாகும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்.

கந்தப்பளைக்கு வந்தபோது பனி ஜன்னலை அடைத்தது. திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா முழங்கால்களைச் சேலையால் பொத்திக்கொண்டிருந்தார். முன்னாடி வாங்க பெரியம்மா, குளிருமே என்றேன்.

"இருக்கட்டும்டி. பழகிக்கிறேன்."

குளிரைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் மறுபடியும் முன்னால் திரும்பிவிட்டேன்.