கீழ்த்தொட்டியின் சிவப்புக் கோடு

எங்கள் வீட்டில் மீன்தொட்டி இருந்தது என்று சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொண்ணூறுகளில் அபிராமபுரத்தில் பாதி வீடுகளில் ஒரு கண்ணாடிக் கிண்ணமும், அதற்குள் வாயைத் திறந்து திறந்து மூடும் இரண்டு தங்கமீன்களும் இருந்தன. ஆனால் வாராவாரம் தண்ணீர் மாற்றாமலே பளிங்கு மாதிரி நின்ற நாலடித் தொட்டி, எனக்குத் தெரிந்து, எங்கள் மாடிப் போர்ஷனில் மட்டும்தான் இருந்தது. அதைக் கட்டியவள் என் அம்மா. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

அம்மாவுக்குத் தேனாம்பேட்டையில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் படம் வரையும் வேலை. அவளுடைய அடையாள அட்டையில் ‘டிராஃப்ட்ஸ்மேன்’ என்றுதான் போட்டிருக்கும். அவள் கோடு போட்டால் அடித்தல் திருத்தல் கிடையாது. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. எனக்கு அதைவிடக் கூடுதலாகவே உண்டு. பழைய மீன் கிண்ணத்தின் தண்ணீரை அவள் வாராவாரம் கொட்டுவதைப் பார்த்து ஒருநாள் அப்பா, “மனுஷனுக்கே லாரித் தண்ணி, இங்க மீனுக்கு அபிஷேகம் நடக்குது” என்றார். மறுநாள் அம்மா ஆபீஸிலிருந்து ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தாள்.

மேலே மீன்தொட்டி, அடியில் மறைவாக ஒரு சின்னத் தொட்டி. மேலே நிரம்பும் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே விழும். பஞ்சு, கூழாங்கல், கரி எல்லாவற்றையும் கடந்து சுத்தமாகும். ஏர்கூலருக்குப் போடுகிற குட்டி மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும்.

கீழ் வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர் மாமா இதைக் கேட்டதும் தன் தலைக்கு மேலே இருந்த சீலிங்கை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “ஒரு சொட்டு எங்காத்துக்குள்ள எறங்கினாலும் தொட்டி தெருவுக்குப் போயிடணும். சொல்லிட்டேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும் பெரியப்பா ஒரு இன்ஜினியர். அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “படம் போடறது வேற, குழாய் போடறது வேறம்மா. ஒரு பிளம்பரைக் கூப்பிடு” என்றார். அம்மாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

ஸ்டாண்டுக்கு மந்தைவெளியில் ஒரு வெல்டிங் கடை. அம்மா வாங்கச் சொன்ன இரும்பு ஆங்கிளின் தடிமனைப் பார்த்துக் கடைக்காரர், “இன்னா மேடம், இதுமேல ஆனையா நிக்கப் போவுது?” என்றார். இருநூற்றைம்பது கிலோ தண்ணீர் நிற்கப்போகிறது என்று அம்மா சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு முகமூடியைப் போட்டுக்கொண்டார். முடிந்ததும் ஸ்டாண்டு சமமாக நிற்கிறதா என்று பார்க்க அம்மா கைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள். ரசமட்டத்தின் குமிழி ஒரு பக்கமாக ஒதுங்கியது.

“ரோடே கோணயா கீது மேடம், ஸ்டாண்டு இன்னா பண்ணும்?”

“அப்ப கடைக்குள்ள வச்சுப் பாப்போம்பா.”

உள்ளேயும் குமிழி ஒதுங்கியது. அவர் ஒரு காலை அறுத்து மறுபடி ஒட்டினார். நான் பக்கத்தில் நின்று, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

குழாய் வேலை இரண்டு சனிக்கிழமைகள் நடந்தது. ரம்பத்தால் பிவிசி குழாயை அறுத்து, பசை தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மா ஒவ்வொரு இணைப்பு முட்டியாகச் சொருகினாள். மோட்டார் ஓடி மேலே தண்ணீர் விழுந்தபோது அப்பாவே கைதட்டினார். கடைசியாக அம்மா நெயில்பாலிஷ் குப்பியை எடுத்து, கீழ்த்தொட்டியின் கண்ணாடியில் பாதி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டாள். “வெயில்ல தண்ணி வத்தும். இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கினா எங்கிட்ட சொல்லு” என்று அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். எனக்கு வயது ஒன்பது.

அந்த ஞாயிறு வந்த பெரியப்பா குனிந்து பார்த்து, “என்னம்மா, அடியில பாதி காலியா இருக்கு? தண்ணி தீர்ந்துபோச்சா?” என்று கேட்டார். அடுத்த வாரம் ஹவுஸ் ஓனர் மாமாவையும் வைத்துக்கொண்டு சோதித்துப் பார்த்துவிடுவது என்று அப்போதே பேசி முடித்தார்கள். எனக்கு வாரம் முழுவதும் அந்தப் ‘பாதி காலி’ தொண்டையில் முள்ளாக நின்றது. எங்கள் வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அண்டா, குடம், வாளி, குக்கர் வரைக்கும் விளிம்பு தொட நிரப்புவது என் வேலை. ஒரு பாத்திரத்தைப் பாதியாக விட்டாலும் திட்டு விழும். அப்படி வளர்ந்தவளுக்கு அரைத்தொட்டி எவ்வளவு பெரிய மானக்கேடு!

ஞாயிறு காலை அம்மா சமையலில் இருந்தபோது, டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை இரண்டு வாளி மொண்டு கீழ்த்தொட்டியில் ஊற்றினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தொட்டி நிறைந்து ததும்பியது. பார்க்கவே அழகாக இருந்தது. துணியால் ஸ்டாண்டையும் துடைத்து வைத்தேன்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் தொட்டி முன்னால் கூடினார்கள். “கரண்ட் போச்சுன்னா?” என்று பெரியப்பா கேட்டார். இந்தக் கேள்விக்காகவே அம்மா காத்திருந்தாள். “நீங்களே ஸ்விட்சை நிறுத்திப் பாருங்க” என்றாள். அவளுடைய குரலில் அப்படியொரு மிடுக்கு. எனக்குப் புல்லரித்தது.

பெரியப்பா நிறுத்தினார். மேல்தொட்டியில் தண்ணீர் இரண்டு அங்குலம் மெல்ல இறங்கியது. கீழ்த்தொட்டி விளிம்பைத் தாண்டிப் பொங்கி, மொசைக் தரையில் பரவி, ஹவுஸ் ஓனர் மாமாவின் வேட்டி நுனியை நனைத்தது. “ஐயையோ, எங்க சீலிங்!” என்று அவர் கத்தினார். அப்பா சாக்கைத் தேடி ஓடினார். பெரியப்பா அசையவே இல்லை. “நான் அன்னிக்கே சொன்னேன்” என்றார்.

அம்மா தரையில் உட்கார்ந்து கீழ்த்தொட்டியைப் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் வாளியும் கையுமாக, உதவிக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தேன். தரை முழுக்கத் தண்ணீர் ஓட, அவள் அதைத் துடைக்காமல் ஈரத்துணியை முன்னால் பிடித்துக்கொண்டு நகத்தால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் இது என்ன வேலை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பெரியப்பா கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தபோது அங்கே சிவப்புக் கோடு இல்லை.

“என் கணக்கு தப்பிடுச்சு மாமா. ஒரு வாரம் டைம் குடுங்க” என்றாள் அம்மா. இப்படி அவள் சொல்லி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. நல்லவேளையாகக் கீழே ஒன்றும் இறங்கவில்லை. மாமா முணுமுணுத்துக்கொண்டே ஒரு வாரம் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு மறுபடி ஸ்விட்சை நிறுத்தினார்கள். கீழ்த்தொட்டி கழுத்துவரை ஏறி, சொன்னதைக் கேட்கும் பிள்ளை மாதிரி நின்றுகொண்டது. தொட்டி எங்கள் வீட்டில் பதினொரு வருடம் இருந்தது. ஹவுஸ் ஓனர் மாமா மாலையில் மீன் பார்க்க மேலே வர ஆரம்பித்தார். பெரியப்பாவோ எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அம்மா கணக்கில் கோட்டைவிட்ட கதையைச் சொன்னார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த வரைபடத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு கணக்கு. மோட்டார் நின்றால் கீழே இறங்கும் தண்ணீர் இரண்டு வாளி, அதற்காகக் காலி விடவேண்டிய இடம் இவ்வளவு என்று. அடித்தல் திருத்தல் இல்லை.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது! வெள்ளம் வந்த மறுநாள் அம்மா நெயில்பாலிஷை எடுத்து, பழைய இடத்திலேயே ஒரு நூல் பிசகாமல் கோடு போட ஆரம்பித்தாள். “கோட்டுக்கு மேலயும் ஏறக் கூடாதுடி, தெரிஞ்சுதா?” என்றாள். நான் தலையாட்டிவிட்டு, “இந்தத் தடவை கணக்கு சரியாப் போட்டியாம்மா?” என்று கேட்டேன்.

“போட்டேன்டி.”

எனக்குப் பாவமாக இருந்தது. அவள் தோளில் கை வைத்து, “பரவால்லம்மா, தப்பு எல்லாரும் பண்றதுதான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றேன்.

அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். அவள் கை ஆடி, கோட்டின் கடைசி முனை பாம்பு வால் மாதிரி வளைந்துவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் முறைத்தேன். அவள் அந்த வளைவை அழிக்கவே இல்லை.