பிராந்துக்கு என் தலை தெரியும்

சுனாமி அடித்து ஒன்றரை மாதம் இருக்கும். குருக்கள்மடத்தில் கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். வாவிப் பக்கத்து வளவொன்றில் கொட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கூரைக்குத் தறப்பாள் தந்தார்கள், தாங்கக் கம்பு தரவில்லை. வீதியோரத்து மருதமரத்தில் ஏறி, வாகான கொப்பாகப் பார்த்து வெட்டினேன். அதில் பிராந்துக் கூடு இருந்தது. செம்பருந்தைத்தான் நாங்கள் பிராந்து என்போம். கூட்டைக் காணாமல் வெட்டினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் வெட்டினேன்.

இரண்டு குஞ்சுகள். ஒன்று விழுந்த இடத்திலேயே செத்தது. மற்றது அடுத்த நாள் காலைவரை கிடந்து துடித்தது. ஆட்களைத் தேடித் தேடிப் புதைத்து அலுத்துப்போன கை எனது. ஒரு குஞ்சைத் தூக்கி மரத்தில் வைக்க அப்போது தோன்றவில்லை.

அன்றே தொடங்கிவிட்டது. நான் சைக்கிளில் அந்த மரத்தைக் கடந்தால் போதும், பின்னாலிருந்து வந்து தலையில் ஓர் அடி. மேசன் வேலைக்குப் போகும் எனக்கு வேறு வழியும் இல்லை. அதே வீதியால் ஊரே போய் வந்தது. யாரையும் அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் மனைவி காயத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டே, “நான் கூட உங்கள இப்பிடிக் காத்துக்கொண்டு நிண்டதில்ல” என்றாள்.

பக்கத்துக் கொட்டிலில் என் கூட்டாளி இருந்தான். என்னோடு மேசன் வேலை செய்பவன். அவன் நம்பவில்லை.

“பிராந்துக்கு நீயென்ன, நானென்ன? உன்ட சிவப்புச் சேட்டப் பாத்துத்தான் வருது.”

சரி என்று சேட்டை மாற்றிக்கொண்டோம். என் சிவப்புச் சேட்டோடு அவன் மரத்துக்குக் கீழே போய் நின்றான், பீடி பற்றவைத்தான், கையை விரித்து ஓர் ஆட்டமும் ஆடினான். பிராந்து அசையவில்லை. அவனுடைய வெள்ளைச் சேட்டைப் போட்டு, தலையில் துவாயும் சுற்றிக்கொண்டு நான் போனேன். துவாயைக் கிழித்தது.

“மச்சான், உன்ன வடிவாப் படிச்சு வச்சிரிக்கு” என்று அவன் சிரித்த சிரிப்புக்குக் கொட்டில் சனம் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் அடி நின்றது. மறந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மாசியில் அதே மரத்தில் மீண்டும் கூடு, மீண்டும் அடி. ஊரில் எனக்குப் ‘பிராந்தடிச்சான்’ என்று பட்டம் விழுந்தது.

அதற்கும் அடுத்த மாசி, எங்கள் பக்கத்துச் சண்டை முடிவை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு காலை ஆமிக்காரர்கள் ஊரைச் சுற்றி வளைத்து ஆம்பிளைகளை எல்லாம் வீதியில் வரிசையாக நிறுத்தினார்கள். வரிசையின் முடிவில் ஒரு வாகனம். உள்ளே முகத்தை மூடியபடி ஒருவன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் அவனைத் தலையாட்டி என்போம். அவன் முன்னால் ஒவ்வொருவராகப் போய் நிற்க வேண்டும். அவன் தலை அசைந்தால், புலி ஆள் என்று நம்மைப் பிடித்து ஒரு பக்கமாக இருத்திவிடுவார்கள். அந்த வாகனத்தை நிழல் பார்த்து நிறுத்தியிருந்த இடம் மருதமரத்தடி.

எல்லோரும் வாகனத்தைப் பார்த்து நடுங்கினார்கள். நான் மரத்தைப் பார்த்து நடுங்கினேன். சுற்றிவரத் துவக்கோடு நிற்கிறார்கள். பிராந்து பாய்ந்து நான் சட்டென்று கையைத் தூக்கினால் என்ன நினைப்பார்கள்? அத்தனை கண்ணும் என் மேல் திரும்பினால், தலையாட்டியின் கண்ணும் திரும்பாதா? வரிசை ஒவ்வோர் அடியாக நகர்ந்தது. எனக்கு எட்டுப் பத்துப் பேருக்குப் பின்னால் நின்ற கூட்டாளியைக் கண்காட்டிக் கூப்பிட்டேன்.

“எனக்குப் பின்னால ஒட்டி நில்லு மச்சான். ரெண்டு தலையும் ஒண்டாத் தெரிஞ்சா அது குழம்பும்.”

“உனக்குக் குடை பிடிக்க நான்தானா கிடைச்சன்?” என்றான். ஆனாலும் நைசாக முன்னால் வந்து நின்றான்.

பிராந்து குழம்பவில்லை. வாகனத்துக்கு முன்னால் நான் போய் நின்றதும் இறக்கைச் சத்தம் கேட்டது. தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டேன். யாரோ கத்தினார்கள், துவக்குகள் நிமிர்ந்தன. குந்தியபடியே தடவிப் பார்த்தேன், காதுவரை இரத்தம். சீருடைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, போ போ என்று கையைக் காட்டினார். அந்த நேரத்தில்தான் மூடிய முகம் மேலும் கீழுமாக அசைந்ததைக் கண்டேன். நான் குந்தியிருந்ததால் அதற்கு நேரே நின்றது கூட்டாளி. அவனைப் பிடித்து இருத்தினார்கள்.

அந்த அசைவு எனக்கா, அவனுக்கா? இல்லை, பிராந்தைப் பார்க்கத் தலை நிமிர்ந்து தாழ்ந்ததுதானா? எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லியிருக்கலாம்: அது என் முறை, அவன் அங்கே நின்றது நான் கூப்பிட்டதால் என்று. வாய் திறக்கவில்லை. கால் மட்டும் நடந்தது.

ஒன்றரை மாதம் அவன் வரவில்லை. அந்த நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் மரத்தடியால் போனேன். துவாய் கட்டவில்லை. “அடி வாங்கினா அவன் வந்திருவானா?” என்று மனைவி கேட்டாள். நான் சைக்கிளை எடுத்தேன்.

வந்தான். பாதி ஆளாக வந்தான். அன்று பின்னேரமே போய் எல்லாவற்றையும் சொன்னேன். நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“தெரியும். அந்தாள் உன்னப் பாத்ததா, என்னப் பாத்ததா, பிராந்தப் பாத்ததா எண்டு நானும்தான் யோசிச்சன். உள்ளுக்க இரிக்கக்குள்ள வேற என்ன வேல?”

பிறகு, “தேத்தண்ணி குடிச்சிற்றுப் போ” என்றான். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சண்டை எல்லாம் ஓய்ந்த பிறகு பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டும் வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். போனில் பேசுவோம். அந்தக் காலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

பறவைக்கு ஆள் முகம் தெரியுமா என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டு கேட்கும்போது நான் தலையைக் குனிந்து தழும்புகளைக் காட்டுவேன். ஆனால், யாரோ செய்ததற்கு யாரோ பிடிபட்ட அந்த நாட்களில், செய்தவனைத் தவிர வேறு எவரையும் தொடாமல் இருந்தது அந்தப் பிராந்து ஒன்றுதான் என்று நினைத்தால், எனக்கு இப்போதும் இருப்புக் கொள்வதில்லை.