இத்தா இருந்த அறை

எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு ஓடி, கலேவெலயில் மூட்டை தூக்கி, அதுவும் சலித்து மாத்தளைக்கு வந்திருந்தேன். பெரிய வீதியில் ஒரு பழைய மாடி வீட்டை அரசாங்கக் கந்தோராக மாற்றிக்கொண்டிருந்தார்கள். சுவர் உடைக்க அலவாங்கு பிடிக்க ஆள் வேண்டுமென்றார் மேசன் பாஸ். சேர்ந்துகொண்டேன்.

மிளகு வியாபாரம் செய்த முஸ்லிம் ஒருவரின் வீடு அது. அவர் மௌத்தாகி அதிக நாள் ஆகவில்லை. பிள்ளைகள் இல்லை. அவருடைய தம்பி வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டார். பின்னறையில் அவர் மனைவி இத்தா இருந்தார். புருஷன் போனால் நாலு மாதத்துக்கு மேல் அதே வீட்டில், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அந்த அறைச் சுவரையும் உடைத்துக் கூடத்தோடு சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்.

முதல் அடி விழுந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு தம்பி அது? நான் இத்தா இரிக்கிற அற இது. முடியுற வரைக்கும் இந்தச் செவர உட்டுடுங்க. வேற ஒண்ணும் கேக்கல்ல."

பாஸிடம் சொன்னேன்.

"நீ என்னடா, அந்தம்மாவுக்கு வக்கீலா? ஒண்ணாந்தேதி கந்தோர்காரங்க மேச நாற்காலியோட வந்து நிப்பாங்க. நீ பதில் சொல்றியா?"

ஆனாலும் மற்றச் சுவர்களை முதலில் உடைக்க விட்டார். வேலையை இழுக்க முடிந்தவரை இழுத்தேன். காலையில் கதவுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா கேட்பார்.

"இண்டைக்கும் இந்தப் பக்கம் வரமாட்டீங்கதானே?"

"வரமாட்டோம்ங்க."

மற்ற எல்லாச் சுவரும் முடிந்த அன்று, வீட்டை வாடகைக்குக் கொடுத்த கொழுந்தன் வந்தார்.

"மதினி, எங்கட ஊட்டுக்கு வாங்க. மிச்ச நாளுக்கு அங்க இரிக்கலாம்."

"ஒங்க நானா மௌத்தான ஊடு இது. நான் வேற எங்க இரிக்க?"

அவர் பாஸைப் பார்த்து, "ஒடைங்க" என்றார்.

ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சுவர் விழுந்ததும், உள்ளே அந்த அம்மா சாமான் கட்டும் சத்தம் கேட்டது.

பின்கதவிலிருந்து வெளியே நின்ற கார் வரை இரண்டு பக்கமும் மறைப்பாக வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் போதவில்லை. கொழுந்தன் எங்களையும் கூப்பிட்டார். அலவாங்கைப் போட்டுவிட்டுப் போய் ஒரு முனையைப் பிடித்தேன். கையிலிருந்த செங்கல் தூள் துணியில் அப்பியது.

"எல்லாரும் அங்கால திரும்பிக்கிட்டு நில்லுங்க" என்றார் அவர். "இத்தா இரிக்கிற பொம்புள. பாத்தா பாவம்."

திரும்பி நின்றோம். செருப்புச் சத்தம் மட்டும் எங்களைக் கடந்து போனது. கார் போனதும் விரிப்புகளை மடித்து வாங்கிக்கொண்ட கொழுந்தன், அந்த அறையில் எத்தனை மேசை போடலாம் என்று பாஸிடம் கேட்டார்.