நான் அழித்த பென்சில் குறிகள்

பாலத்தின் நடுவில் பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு சட்டை, கட்டிக்கொள்ள ஒரு சாரம், ஒரு போர்வை, பல்பொடி, பெரிய கனமில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு பஸ் ஏறாமல் நடந்துகொண்டிருந்தேன். அங்கே போய் என்ன செய்வதென்று தெரியாததால் சீக்கிரம் போய்ச் சேர வேண்டிய அவசியமும் இல்லை.

கடைக்கார அண்ணாச்சி என்னைப் போகச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் கடைக்கு அவருக்கொன்று எனக்கொன்று என்று இரண்டு டீ வரும். அன்றைக்கு ஒன்றுதான் வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

கடை என்பது லெண்டிங் லைப்ரரி. ஆளுக்கொரு போன் வந்த பிறகு அதற்கு மிஞ்சியவர்கள் இருபது, இருபத்தைந்து பேர். அவர்களும் போய்விட்டால் பூட்ட வேண்டியதுதான் என்று அண்ணாச்சியே சொல்வார். நான் எட்டாவதோடு நிறுத்தியவன். களக்காட்டில் வாழைத்தார் சுமந்தேன், கூடங்குளத்தில் காண்டிராக்டரிடம் பெயிண்ட் அடித்தேன், முதுகு பிடித்துக்கொண்ட பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். சம்பளம் குறைவு. ஆனால் பரணில் படுக்க இடம் உண்டு, எந்தப் புத்தகத்தையும் எடுத்து வாசிக்கலாம். நின்று வேலை செய்து பழகியவனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஐந்து மாதத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன்.

முக்கால்வாசி காதல் நாவல்கள். கதாநாயகனுக்கு ஆறடி உயரம், கோபம், கண்ணாடி அறை. அந்த அறையில் அவன் என்ன வேலை செய்கிறான் என்று ஒரு நாவலிலும் சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவான், பிறகு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த வேலைக்கு ஆள் எடுத்தால் நானும் போவேன். கதாநாயகி அவன் கார் மீது மோதுவாள், திட்டுவாள், கடைசியில் மன்னிப்பாள். இதெல்லாம் எனக்குப் பிடிக்கத்தான் செய்தது. பொறுக்க முடியாதது ஒன்றுதான்: ஓட்டலில் உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டு, வைத்த பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள். ஒரு நாவலில் நெய் ரோஸ்ட். மூன்று நாள் மனசு ஆறவில்லை. அந்த ரோஸ்ட் என்ன ஆயிற்று என்று எழுதியவருக்குத் தோன்றவே இல்லை.

துப்பறியும் நாவல்களில் கொலை செய்கிறவன் எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவன். அவற்றை வாசித்த பிறகு அண்ணாச்சி என்னைத் திட்டும்போதெல்லாம் நிம்மதியாக இருந்தது.

பரிசு வாங்கியது என்று அட்டையில் போட்ட தடித்த நாவல் ஒன்று. அறுபது பக்கத்துக்கு மழை பெய்தது. வெறுத்துப்போய் மூடப்போகிற நேரத்தில், ஒருவன் தன்னிடமிருந்த ஒரே சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டு, அது காயும்வரை வெளியே போக முடியாமல் துண்டோடு உட்கார்ந்திருந்தான். நானும் கூடங்குளத்தில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். கடற்காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் மொடமொடவென்று ஆகிவிடும். அந்த ஒரு பக்கத்துக்காக மழையை மன்னித்தேன்.

இனி என் தப்பு. இந்த நாவல்களின் தலைப்பும் அட்டையும் ஒன்றுபோலவே இருப்பதால், எதை வாசித்தோம் என்று வாசகர்களுக்கே தெரியாது. அதனால் ஆளுக்கொரு குறி வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பதினேழாம் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவார். மேலப்பாளையத்திலிருந்து வரும் ஓர் அக்கா கடைசிப் பக்கத்தில் குட்டிப் பிறை வரைவார். கோர்ட் கிளார்க் ஒருவர் முப்பத்து மூன்றில் இரண்டு கோடு. புத்தகத்தை எடுத்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். குறி இருந்தால் திரும்ப வைத்துவிடுவார்கள்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்கள் புரட்டுவதைத் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல ஏதோ என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சி ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போனபோது, கடையைப் பளிச்சென்று வைத்து நல்ல பெயர் வாங்க நினைத்தேன். ஒரு புத்தகம் விடாமல் கிறுக்கல்களை அழித்தேன். இரண்டு ரப்பர் தேய்ந்தது. பேனாவில் இருந்ததை பிளேடால் சுரண்டினேன். சில இடங்களில் கதையும் சேர்ந்து போனது.

அன்று மத்தியானம் டீச்சர் மூன்று புத்தகங்களை மேஜையில் போட்டார்.

"அண்ணாச்சி, மூணும் வாசிச்சது. எம் பிள்ளையாரு எங்கன போனாரு?"

"நான்தான் டீச்சர், எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிட்டேன்" என்றேன், பெருமையாக.

அண்ணாச்சி பத்துப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பைய உட்கார்ந்தார்.

"ஏலே, நீ அழிச்சது கிறுக்கலு இல்லலே. என் கடைய."

மேலப்பாளையத்து அக்கா வந்து உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். டீச்சர் நாளைக்குத் தன் அட்டையைக் கொண்டுவருவதாகச் சொன்னார். அதன் பிறகுதான் அந்த ஒற்றை டீ.

பாலத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. கோர்ட் கிளார்க்.

"என்னவே, பையும் கையுமா எங்கன போறீரு?"

சொன்னேன். வண்டியிலிருந்தபடியே சிரித்தார்.

"நேத்து ஒண்ணு எடுத்துட்டுப் போனேன்வே. தொண்ணூறாம் பக்கம் வரைக்கும் புதுசுன்னே நெனச்சேன். போன தடவையவிட நல்லாயிருந்துச்சு, அது வேற விசயம்." ஸ்கூட்டரில் மாட்டியிருந்த பையிலிருந்து இன்னொரு நாவலை எடுத்தார். "இது வாசிச்சதான்னு தெரியலியே."

அட்டையைப் பார்த்தேன். "இதுல கொடைக்கானல்ல ஒரு டாக்டர், சார். நாய் வளக்காரு. நாய்தான் ரெண்டு பேரையும் சேத்து வைக்கும்."

"நாயா? வாசிச்சாச்சு. நாய் செத்துரும்."

"சாகாது சார். ஊசி போட்டுப் பொழைக்க வச்சிருவாரு."

"ஆமா, பொழச்சிரும்." நாவலைப் பைக்குள் திரும்பப் போட்டார். "அம்புட்டுக் கதையும் உம்ம மண்டைக்குள்ள கெடக்கு. அதைத் தூக்கிட்டு ஜங்ஷன்ல போயி என்னவே செய்யப் போறீரு?"

அன்றைக்கு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்தேன். காலையில் அண்ணாச்சி சாவியோடு வந்தபோது கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

"போயிட்டேன்னுல்லா நெனச்சேன்."

"போயிட்டேன் அண்ணாச்சி. இது வேற வேலை கேட்டு வந்தது. புஸ்தகத்த எடுத்தா நான் கதையச் சொல்லுதேன். வாசிச்சதா இல்லையான்னு அவங்களுக்கே தெரிஞ்சிரும். புதுசா குறி போட்டுக்கிடட்டும்."

அண்ணாச்சி பதில் சொல்வதற்குள் டீச்சர் அட்டையோடு வந்துவிட்டார். கைக்குக் கிடைத்த நாவலை எடுத்து நீட்டினேன்.

"கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ள ஓடிருவான், டீச்சர். அவன் தம்பி தாலி கட்டுவான்."

"தெரியலியே. பொறவு?"

சொன்னேன். பொறவு, பொறவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஓடிப்போனவன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் சொல்லிவிட்டேன்.

"நல்ல கதை. நான் வாசிக்கல" என்றார் டீச்சர். "இனி வாசிக்கவும் வேண்டாம்." புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டார்.

அண்ணாச்சி என் காதுக்குக் கிட்டே வந்தார். "ஏலே, பாதியில நிறுத்துலே. நிறுத்துனா ஒனக்கு வேல உண்டு, பரணு உண்டு. நிறுத்தலன்னா, ரெண்டு பேரும் சேந்து ஜங்ஷனுக்குப் போவோம்."

அடுத்த கதையை, கதாநாயகி எழுதிய கடிதம் மாமியார் கையில் கிடைக்கிற இடத்தில் நிறுத்தினேன். டீச்சர் என்னை முறைத்தார். பிறகு அட்டையை நீட்டி அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

அந்த வேலையில் சேர்ந்த அன்று மதியத்துக்குள் ஆறு கதைகளைப் பாதியில் நிறுத்தினேன். ஆறாவதை வாங்கியவர் படியிறங்கிப் போன பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரு நாவலும் வாசிக்காத அண்ணாச்சி நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"பொறவு என்னலே ஆச்சு?"