பரமு அக்காவின் முழு வீடியோ

போன சனிக்கிழமை சுங்கைப் பட்டாணியில் நாங்கள் ஒரு மாநாடு நடத்தினோம்.

மாநாடு என்றதும் பயந்துவிடாதீர்கள். பொன்னாடை, மாலை, முடிவே இல்லாத வரவேற்புரை... எதுவும் கிடையாது. கெடாவிலும் பக்கத்து மாநிலங்களிலும் தமிழில் வலைப்பூ எழுதுகிறவர்கள், முகநூலில் எழுதுகிறவர்கள், வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் ஒருநாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசலாமே என்று ஓர் ஆசை. அவ்வளவுதான்.

‘சந்திப்பு’ என்று போடலாம் என்றேன் நான். தனபாலன் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் இங்கே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஓய்வு கிடைத்தால் மெர்போக் ஆற்றோரம் போய்ப் பறவைகளைப் படமெடுத்து வலைப்பூவில் எழுதுவார். மாநாட்டு யோசனையே அவருடையதுதான்.

“சந்திப்புன்னு போட்டா டீக்கடைக்குத் தே தாரிக் குடிக்க வர்ற மாதிரி வருவாங்கக்கா. மாநாடுன்னாத்தான் சட்டைய அயர்ன் பண்ணிட்டு வருவாங்க.”

சரி, மாநாடு. அடுத்து ‘அனுமதி இலவசம்’ என்று போட்டோம். அந்த ‘இலவசம்’ என்ற ஒரு சொல்லுக்காக நான் பட்ட பாடு இருக்கிறதே!

“ஃப்ரீயா?” என்று ஒருவர் போனில் கேட்டார்.

“ஆமாங்க.”

“சாப்பாடும் ஃப்ரீயா?”

“ஆமாங்க.”

“அப்ப என்ன விக்கப் போறீங்க?”

எதுவும் விற்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. போனமுறை இப்படித்தான் இலவசம் என்று ஒரு கூட்டத்துக்குப் போய், திரும்பி வரும்போது தண்ணீர் ஃபில்டரோடு வந்தாராம். “ஏமாற மாட்டேன்லா” என்று வைத்துவிட்டார்.

நமக்கு யாராவது ஒரு நாற்காலியையும் ஒரு வேளைச் சோற்றையும் சும்மா கொடுத்தால் சந்தேகம் வந்துவிடுகிறது. ஆனால் போனில் சும்மா வந்து விழுகிற வீடியோவை மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல் நம்பிவிடுகிறோம். ஏன் அப்படி?

சரி... பரமு அக்கா கதைக்கு வருகிறேன்.

பரமேஸ்வரி அக்காவுக்கு வீடு மெர்போக்கில். காலையில் தஞ்சோங் டாவாய்க்குப் போய் மீனவர்களிடம் நெத்திலி, கருவாடு, உலர்ந்த இறால் எல்லாம் வாங்கி வருவார். மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் ஒரு மேசையில் பரப்பி வைத்து, போனை ஸ்டாண்டில் மாட்டி, முகநூல் நேரலையில் விற்பார். என்ன வாய் தெரியுமா அவருக்கு! கருவாடே சாப்பிடாத என் வீட்டுக்காரர்கூட, நான் அதைப் பார்க்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

பிறகு அந்தத் துண்டு வீடியோ வந்தது.

உங்களுக்கும் வந்திருக்கலாம். கேமராவை நேராகப் பார்த்து, கண்ணை உருட்டி அக்கா கத்துகிறார்: “சும்மா சும்மா வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல? ஒருநாளாவது காசு குடுத்து வாங்கியிருக்கியா? மோந்து பாத்துட்டுப் போற மூஞ்சியப் பாரு!” அத்தோடு முடிந்துவிடும். மேலே சிவப்பு எழுத்தில், ‘வாங்க வந்தவங்களுக்கு மரியாதையைப் பாருங்க.’

யார் வெட்டியது, யார் அந்த எழுத்தைப் போட்டது... இன்றுவரை தெரியாது. நாடு முழுக்கச் சுற்றியது. சில நாளில் அக்காவின் பக்கமே காணாமல் போய்விட்டது. நேரில் கேட்டபோது, “விடுங்க தங்கச்சி” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

இந்த மாநாட்டுக்குப் பேச ஆள் தேடியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்தான். நானும் தனபாலனும் காடியில் ஏறி மெர்போக் போனோம். அக்கா எங்களுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“நானா? மேடையிலயா? கருவாட்டுக்காரி என்னத்தப் பேசுறது?”

“வியாபாரம் பண்ணினதைப் பேசுங்கக்கா” என்றார் தனபாலன்.

“பேசித்தானே தம்பி மாட்டிக்கிட்டேன்.”

அதற்குமேல் வற்புறுத்த மனம் வரவில்லை. கிளம்பும்போது அவரே சொன்னார்: “கேக்க வேணும்னா வரேன். பின்னாடி உக்காந்துக்குவேன். யார்கிட்டயும் என்னைக் காட்டாதீங்க.”

காட்ட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம்.

சனிக்கிழமை காலை மழை. கூட்டம் வராது என்று நினைத்தேன். வந்தார்கள்! தனபாலன் சொன்ன மாதிரியே அயர்ன் பண்ணிய சட்டையோடு வந்தார்கள். பினாங்கிலிருந்து இரண்டு ஆசிரியைகள், அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு சமையல் வலைப்பூக்காரர், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பதிகள். ஹாலில் போட்ட நாற்காலி போதாமல் கீழேயிருந்த சாப்பாட்டுக் கடையில் கடன் வாங்கினோம்.

பரமு அக்கா சொன்ன மாதிரியே கடைசி வரிசையில், சுவரை ஒட்டி உட்கார்ந்தார். தலையைச் சுற்றிச் சால்வை போட்டிருந்தார்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வலைப்பூ எழுதும் ஆசிரியை ஒருவர் பேசினார். தனபாலன் மீன்கொத்திப் படங்களைக் காட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் விக்கியின் முறை.

விக்கி, கெடாவின் தெற்குக் கோடியில் இருக்கிற பண்டார் பாரு ஊர்க்காரர். டிக்டாக்கில் நகைச்சுவை வீடியோ போட்டுப் பெரிய பெயர் வாங்கியவர். நல்ல பையன் என்றே சொல்ல வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து எங்களுக்கு முன்னால் வந்து, கேட்காமலேயே நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அவருடைய தலைப்பு, ‘ஒரு வீடியோ எப்படி வைரல் ஆகிறது?’

பேச்சு அருமை. ஹாலே குலுங்கியது.

“முதல் மூணு செகண்டுல ஆளப் புடிக்கணும். எப்படின்னு ஒரு உதாரணம் காட்டுறேன்... இது உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்லா” என்று பட்டனைத் தட்டினார்.

திரையில் பரமு அக்கா.

“சும்மா சும்மா வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?”

ஹாலில் ஒரே சிரிப்பு. பாதிப் பேர் அந்த வசனத்தைச் சேர்ந்தே சொன்னார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். பின்னால் பார்த்தேன். அக்கா கையில் கறிபாப் பலகாரத் தட்டு அப்படியே நின்றது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழைத்து வந்தது நான். யாரிடமும் காட்டமாட்டேன் என்று சொன்னதும் நான். இப்போது இத்தனை பெரிய திரையில்... நிறுத்தச் சொல்லலாம் என்று மேடைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். அதற்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அக்கா எழுந்துவிட்டார். வெளியே போகிறார் என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை.

“தம்பி” என்றார். மைக் இல்லாமலேயே அந்தக் குரல் மேடைவரை போனது. “ஒரு நிமிசம்.”

“சொல்லுங்கக்கா” என்றார் விக்கி, சிரித்தபடியே.

“அது நாந்தான்.”

அக்கா சால்வையை இறக்கினார். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. விக்கியின் வாய் திறந்தபடி இருந்தது. திரையில் அக்காவின் உருட்டிய கண், பின்வரிசையில் அக்காவின் அமைதியான கண். அந்தப் பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இத முழுசா பாத்திருக்கீங்களா தம்பி?”

“இல்லக்கா... எனக்கு வாட்ஸ்அப்ல வந்தது இவ்வளவுதான்.”

“எங்கிட்ட முழுசா இருக்கு. போடுறீங்களா?”

விக்கி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் மேடையிலிருந்து இறங்கி, ஹாலின் நடுவே நடந்து போய், அக்காவின் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தனபாலன் கேபிளை மாட்டினார். 

வீடியோ ஓடியது.

அதே மேசை, அதே நெத்திலிக் குவியல். அக்கா ஏதோ ஓர் அம்மாவுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். “உப்பு அதிகம்னா வெந்நீர்ல போட்டு எடுத்துடுங்கம்மா...” திடீரென்று பேச்சை நிறுத்துகிறார். “ஐயோ, வந்துட்டான் பாருங்க. மன்னிச்சுக்குங்க, ஒரே நிமிசம்.” போன் ஸ்டாண்டுக்குப் பின்னால் எதையோ பார்த்துக் கண்ணை உருட்டுகிறார். அப்புறம்தான் அந்த வசனம்.

வசனம் முடிந்ததும் குனிகிறார். நிமிரும்போது கையில் ஒரு பூனை! ஒரு காது கிழிந்த, குண்டு ஆண் பூனை. அதைக் கேமராவுக்குக் காட்டுகிறார். “இவருதான் நம்ம பழைய கஸ்டமரு. தினம் வருவாரு, ஒரு தடவயும் காசு குடுத்ததில்ல.” ஒரு நெத்திலியை எடுத்து வாயில் வைக்கிறார். பூனை கண்ணை மூடிக்கொண்டு தின்கிறது.

ஹாலில் யாரோ ஒரு சின்னப் பிள்ளைதான் முதலில் சிரித்தது. பிறகு எல்லாரும். ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன்.

யாரோ மைக்கைக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினார்கள். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார்.

“இந்த முழு வீடியோவ நான் அப்பவே போட்டேன். பூனை மேல பழியப் போடுறேன்னு எழுதுனாங்க. யாரும் கடைசி வரைக்கும் பாக்கல. அப்புறம் கூலிம்ல ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், முன்னப்பின்ன தெரியாத ஒரு பொண்ணு போனத் தூக்கிட்டு வந்து, ‘ஆன்டி, அந்த டயலாக்க ஒரு தடவ சொல்லுங்க’ன்னுச்சு. சுத்தி எல்லாரும் சிரிக்கிறாங்க. எழுந்து வந்துட்டேன். அதுக்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் நான் போகல. இங்கதான் வந்திருக்கேன்.”

மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“உங்க எல்லார் மேலயும் கோவம் இல்ல. தெரியாமத்தான் சிரிச்சீங்க. ஆனா தெரிஞ்சுக்க நாலு நிமிசம்கூட ஆகாது... அதுதான் எனக்குத் தாங்கல.”

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஹாலில் யாரும் கை தட்டவில்லை. தட்டவும் தோன்றவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் விக்கி தட்டுகூட எடுக்காமல் அக்காவைத் தேடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, மன்னிச்சிடுங்க. இன்னிக்கே என் பக்கத்துல ஒரு வீடியோ போடுறேன். நடந்தது எல்லாத்தையும் சொல்றேன். உங்களையும் பேச வைக்கிறேன். எத்தன பேர் பாப்பாங்க தெரியுமா? ஒரே நாள்ல உங்க பேரு சரியாயிடும்!”

நானாக இருந்தால் உடனே சரி என்றிருப்பேன். தனபாலனும் ஆவலாக அக்காவைப் பார்த்தார். அக்கா ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டே யோசித்தார்.

“வேணாம் தம்பி.”

“ஏங்கக்கா?”

“அன்னிக்கு என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நீங்க போட்டா என்னைப் பாத்து அழுவாங்க. ரெண்டும் வேணாம்லா. நான் கருவாடு விக்கிறவ.”

“அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?”

“உங்க பேச்சுலேருந்து அந்தத் துண்ட எடுத்துடுங்க. வேற யாரோடதயாவது காட்டுறதுன்னா முழுசா பாத்துட்டுக் காட்டுங்க. இப்ப மொதல்ல சாப்பிடுங்க.”

விக்கி அங்கேயே லேப்டாப்பைத் திறந்து அழித்தார். பிறகு அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. மீன் குழம்பு மறுபடி கேட்டு வாங்கியதைப் பார்த்தேன். இருவருமே.

இதோடு கதை சுபம் என்று எழுதிவிடலாம். ஆனால் உலகம் அப்படியா இருக்கிறது? திங்கட்கிழமை கோலாலம்பூரில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தம்பி, குடும்பக் குழுவில் அதே துண்டு வீடியோவைப் போட்டிருந்தான். நான் நடந்ததை நீளமாக எழுதினேன். அவன் ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டு அடுத்த வீடியோவைப் போட்டான். ஒரு ஹால் நிறைய ஆட்களின் மனதை மாற்றுவது வேறு, ஒரு துண்டு வீடியோவை உலகத்திலிருந்து துடைப்பது வேறு. அக்காவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால்... நேரலை! பரமு அக்கா புதிதாக ஒரு பக்கம் திறந்திருக்கிறார். அதே மேசை. பச்சைச் சேலை. தலையில் சால்வை இல்லை.

பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர். பெரும்பாலும் மாநாட்டில் பார்த்த பெயர்கள்தான். அலோர் ஸ்டார் சமையல்காரர் இருந்தார். பினாங்கு டீச்சர் இருந்தார். விக்கி இறால் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். முன்பு கூட்டம் அலைமோதிய காலத்தில் அக்காவால் யாரையும் தனியாகக் கவனிக்க முடிந்ததில்லை. இப்போது ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தார். விற்கிற அவசரமே இல்லை. பழைய வாய் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஈரக் கையோடு நின்று பார்த்தேன். திடீரென்று அக்கா கேமராவுக்குக் கிட்டே வந்தார்.

“பாக்குறவங்க சும்மா பாத்துட்டு நழுவிடாதீங்கலா! நீங்க யாருன்னு எனக்குத் தெரிய வேணாமா? ஒரு வணக்கமாவது போடுங்க.”

கையைத் துடைத்துக்கொண்டு, போட்டேன்.