மாமாவின் கம்பியில் கட்டிய வாழைநார்

எனக்கு எட்டு வயதில் வயிற்றில் தனியாக ஒரு மூளை இருந்தது. பயம் வந்தால் அதுதான் முதலில் யோசிக்கும். உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், பரமத்தி வேலூரில் அது செய்த காரியம் இது.

அம்மாவின் தம்பி, என் மாமா, கல்லூரியில் படித்தவர். சர்க்கார் அனுமதி வாங்கி, லாரி பேட்டரியை வைத்து, தந்தி அடிப்பதுபோல் டொக் டொக்கென்று தட்டிக் காற்றில் சேதி அனுப்புவார். அதைக் கேட்க வேண்டியவர் கோயமுத்தூரில் இருந்த அவருடைய சிநேகிதர். பெட்டி எங்கள் வீட்டுக்குள். ஏரியல் தென்னை உச்சியில். நடுவே, எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்கு மேலாக, சாண் இடைவெளி விட்டு இரண்டு கம்பிகள் ஜோடியாகப் போயின. ஒரு மாதமாகியும் கோயமுத்தூர் வாய் திறக்கவில்லை.

அப்பா கெடு வைத்தார். “மாப்ள, ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் வரலீன்னா கம்பியக் கழட்டிப் பொடக்காணில துணி காயப் போட்டுருவேன்.”

“ஆகட்டுங்க மச்சான்” என்றார் மாமா. அன்று அவர் சோறு தின்னவில்லை.

அவரிடம் ஒரு டார்ச் பல்பு இருந்தது. செம்புக் கம்பி வளையத்தில் அதை மாட்டி, நீள மூங்கிலில் கட்டியிருந்தார். பெட்டியில் சேதி தட்டுகிற சாவிமேல் கல்லை வைத்து அழுத்திவிட்டு, கம்பி ஜோடியை ஒட்டி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பல்பு ஓரிடத்தில் எரியும், நாலு எட்டு தள்ளி அணையும், மறுபடி எரியும். ஒரே கம்பி, ஒரே பேட்டரி. எனக்குத் தலை சுற்றியது.

“ஏனுங்க மாமா, நடுநடுவுல யாருங்க வெளிச்சத்தக் குடிச்சர்றது?”

“வாய்க்காத் தண்ணி மதகுப் பலகையில முட்டித் திரும்பும்ல சாமி? அதாட்டந்தான். ஏரியலும் கம்பியும் ஒத்துப்போகல. போற அலையில பாதி திரும்பி வருது. போறதும் வாரதும் கைகோத்த எடத்துல எரியும், மல்லுக்கட்டுன எடத்துல அணைஞ்சுரும்.”

புரிந்ததுபோல் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை நான் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை காற்றில் கம்பிகள் ஆடின. கொடிக்காலில் ஆடுகிற எதையும் எங்கள் ஊரில் சும்மா விடமாட்டோம். வெற்றிலைக் கொடி ஆடினால் அகத்தி மரத்தோடு சேர்த்து நாரால் கட்டுவோம். நானும் ஏணி போட்டு ஏறினேன். நடுவில் ஒரு அகத்திக் குச்சியைக் கொடுத்து, இரண்டு கம்பிகளையும் நெருக்கி, வாழைநாரால் இறுக்கி ஒரு கட்டுப் போட்டேன். கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு சாயங்காலம் மாமா மூங்கிலோடு கிளம்பினார். வீட்டோரம் பல்பு எரிந்தது. நாலு எட்டு தாண்டியும் எரிந்தது. அணையவே இல்லை! பாதிக் கொடிக்கால் வரை வந்தவர் திகைத்து நின்றார். “ஆராச்சும் கம்பியத் தொட்டீங்களா?” என்று கத்தினார்.

“நான் இல்லீங்க!” என்றது வயிறு.

மாமா வீட்டுக்குள் ஓடினார், போலீசைக் கூப்பிடத்தான் ஓடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பல்பு திருடனைக் காட்டிக்கொடுக்கும் பல்பு என்பதிலும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அரிவாளோடு ஏணியில் ஏறினேன். கம்பி பட்டுக் கை சுரீரென்றது. அதுவும் என்னைப் பிடித்துக் கொடுக்கத்தான் பார்த்தது. நாரை அறுத்துக் குச்சியையும் பிடுங்கினேன்.

நான் அறுத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து மாமாவின் குரல். “வந்துருச்சுங்க மச்சான்! ஓடி வாங்க, கோயமுத்தூரு பேசுது!”

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பெட்டியில் காதை வைத்தார். அதற்குள் அது ஓய்ந்திருந்தது.

“பல்லி கத்திருக்கும் மாப்ள” என்றார்.

மறுநாள் வீட்டுப் பின்புறம் அந்தக் கம்பியில் அம்மாவின் சேலை காய்ந்தது. மாமா பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். இன்றைக்கும் பார்க்கும்போதெல்லாம், “அன்னிக்கு ஒரு நாள் மட்டும் எப்படிடா சேந்துச்சு?” என்று கேட்பார். நான் தலையாட்டுவேன்.

ஏரியலையும் கம்பியையும் ஒத்துப்போக வைத்ததே என் கட்டுத்தான் என்று அந்தச் சாயங்காலம் எனக்கு ஏது தெரியும்? அறுத்த நாரை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, மாமாவின் வேலையைக் கெடுத்த சனியன் ஒழிந்தது, இனியாவது பதில் வரட்டும் என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.