ஒட்டுதல் போதலையாம்

முடி வெட்டிக்கொண்டே கடைக்காரம்மா சொன்னார்: "சேதி தெரியுமா? வயித்துல இருக்கிற பிள்ளை மேல அம்மாவுக்கு ஒட்டுதல் இல்லைன்னா, அந்தப் பிள்ளையோட கர்ப்பப்பை ரெண்டாப் போயிடுமாம். டாக்டரே சொன்னாராம்."

கண்ணாடியில் என் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சொன்னது நான்.

சேதியில் வரும் அந்த அம்மா யாரென்றும் எனக்குத் தெரியும். சலவைக்கடைப் பின்னறையில் பழுது தைக்கும் ஊசியக்கா. பேசும்போதும் உதட்டில் நாலு குண்டூசி இருக்கும். குத்திவிடும் என்று பயந்துதான் வீட்டுக்காரர் தன்னிடம் வாய் கொடுப்பதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கோட்டின் உள்துணி கிழிந்து வந்தால், அவர் தைத்த இடமே தெரியாது. இருபத்துமூன்று வருடமாக அதே நாற்காலி. மகளை மெஷினுக்குப் பக்கத்தில் துணிக்கூடையில் போட்டு வளர்த்தவர்.

அந்த மகளுக்கு மாதாமாதம் தாங்கமுடியாத வலி. ஸ்கேனில் பார்த்தால் கர்ப்பப்பை இரண்டு பாதியாக இருந்தது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது; ஆஸ்பத்திரியில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். கரு வளரும்போது இரண்டு குழாய்கள் நடுவில் சேர்ந்துதான் கர்ப்பப்பை ஆகிறது என்றார் டாக்டர். செல்லைச் செல்லோடு பிடித்துவைக்கும் மூலக்கூறுகள் உண்டு. அவை சரியாக வேலை செய்யாததும் ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகத் தெரியாது என்றார். இரண்டு மொழியில் படித்த மேதாவி நான் சுருக்கினேன்: "கருவுல இருந்தப்பவே ஒட்டுதல் போதலையாம்."

ஊசியக்கா மகளைப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரைப் பார்த்தபடி, "அது இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

அடுத்த நோயாளி கதவைத் தட்டியாயிற்று. தனக்குள் பேசிக்கொள்கிறார் என்று நினைத்து, அந்தக் கேள்வியை டாக்டரிடம் நான் சொல்லவேயில்லை.

பாதி வெட்டிய தலையோடு சலவைக்கடைக்கு ஓடினேன். நாற்காலி காலி. நாலு நாளாக வரவில்லை என்றார் இஸ்திரி போடும் பெண். கடைசி நாள் அவரிடம் ஊசியக்கா சொன்னாராம்: "அவ வயித்துல வந்தப்ப வேலை போயிடுமேன்னு, வேணாம்னு நெனச்சேன். மூணு வாரந்தான். அப்புறம் ஒரு நாளும் நெனைக்கல. அதை அவகிட்டயே சொல்லிட்டேன்." அன்றே மகள் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

டாக்டரிடம் போய் நின்றேன். அம்மாவின் மனதுக்கும் இதற்கும் துளியும் சம்பந்தமில்லை, நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள் என்றார். திட்டியிருக்கலாம். திட்டாததுதான் கூசவைத்தது.

ஒட்டுதல் என்பதற்குப் பதில் பிடிமானம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை இப்போது எவ்வளவு சுலபமாக வருகிறது.

வராந்தாவில் நின்று ஊசியக்காவை அழைத்தேன். "தப்பு என் வாயிலக்கா, உங்க வயித்துல இல்ல." இதைத்தான் முதலில் சொல்லவேண்டும். முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழைத்தேன். அடித்துக்கொண்டே இருக்கிறது.